பம்பாயில் பதிவான இரண்டு பாடல்கள்

பிரித்தானிய ஹார்ட் றொக் இசையை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். அவர்களோடு வழக்காடுவது என் நோக்கமன்று. ஆயினும் லெட் செப்பலின் குழுவின் இசைத்தட்டுகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்பவருக்கு அந்த இரைச்சலினுள் ஒரு வரலாறு தென்படும். அதில் நமது துணைக்கண்டத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

ஜிம்மி பேஜ், ரொபேர்ட் பிளான்ட், ஜோன் போல் ஜோன்ஸ், ஜோன் பொனம் ஆகிய நால்வரும் 1968இல் ஒன்றுசேர்ந்தனர். அவர்களது முதலாவது இசைத்தட்டு 1969 ஜனவரியிலும் இரண்டாவது அவ்வாண்டு ஒக்ரோபரிலும் வெளிவந்தன. மின் கிற்றாரின் உறுமலும் பொனமின் முரசு முழக்கமும் உலகெங்கும் இளைஞரைக் கட்டிப்போட்டன. 1970இல் வந்த மூன்றாவது இசைத்தட்டோ அவர்களையே திகைக்க வைத்தது. வேல்ஸ் மலைப்புறத்தில் மின்சாரமற்ற ஒரு குடிலில் பேஜும் பிளான்டும் தங்கியிருந்த நாட்களின் அமைதி அதன் பல பாடல்களில் படிந்திருந்தது. மலைநாட்டவனாகிய எனக்கு இன்றும் மிக நெருக்கமானது அதுவே. 1971இல் வந்த நான்காவதுக்குப் பெயரே இல்லை; நால்வரின் நான்கு குறியீடுகள் மாத்திரமே.

1980களில் வெலிமடையில் எங்கள் கைக்கு எட்டியவை பிரதி எடுத்த ஒலிநாடாக்கள்தாம். உறையில் பாடலின் பெயரை யாரோ பேனையால் எழுதியிருப்பர். இயற்றியவர் யார், வாசித்தவர் யார் என்ற விபரம் இராது. பின்னாளில் முறையான இறுவட்டுகளை வாங்கி, அவற்றின் சிற்றெழுத்துகளைப் படித்தபோதுதான் பெயர்களுக்கும் ஒரு வரலாறு உண்டென்பது புலனாயிற்று.

நான்காவது இசைத்தட்டின் இறுதிப் பாடல் ‘வென் த லெவீ பிறேக்ஸ்’. 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்துக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளை அழித்த துயரை, 1929இல் கன்சாஸ் ஜோவும் மெம்பிஸ் மின்னியும் பாடிப் பதிவுசெய்தனர். லெட் செப்பலின் அதை எடுத்தாண்டபோது மெம்பிஸ் மின்னியின் பெயரும் அச்சேறியது. இரண்டாவது இசைத்தட்டின் புகழ்பெற்ற ‘ஹோல் லொட்டா லவ்’ பாடலுக்கு அந்த நேர்மை வாய்க்கவில்லை. வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் இணக்கம் ஏற்பட்ட பின்னரே அவர் பெயர் அதில் இடம்பெற்றது.

இனிப் பம்பாய்க்கு வருவோம். 1972இல் பேஜும் பிளான்டும் மாத்திரம் அந்நகருக்குச் சென்று, உள்ளூர் வாத்தியக் கலைஞர்களுடன் ‘பிரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ ஆகிய இரு பாடல்களையும் மீளப் பதிவுசெய்தனர். தெரிவு தற்செயலானதன்று. ‘பிரெண்ட்ஸ்’ மூலப்பதிவிலேயே கீழைத்தேய நெளிவுகள் கொண்டது. ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ பாடலோ கைக்கு இரண்டாக நான்கு குச்சிகளைப் பிடித்துப் பொனம் முழக்கியது. அதன் தாளம் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே மாறி மாறிச் செல்வது. மேற்கத்தேய செவிக்கு இடறும் அந்தக் கணக்கு, தாள மரபில் ஊறிய நம்மவர்க்குப் புதிதன்று.

அப்பதிவு உத்தியோகபூர்வமாக வெளிவரவில்லை. திருட்டுப் பிரதிகளாக இரசிகரிடையே உலவியது. அதன் எதிரொலியோ என்று எண்ணத் தோன்றும் பாடல் 1975இல் ‘பிசிக்கல் கிறஃபிட்டி’ என்ற இரட்டைத் தட்டில் வந்த ‘காஷ்மீர்’. முரசு நான்காக நடக்க, கிற்றார் மூன்றாகச் சுழலும். பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டும் சந்திக்கும். பெயர் காஷ்மீராயினும், பாடல்வரிகள் பிறந்தது மொறொக்கோவின் பாலைவனச் சாலையில்.

1980 செப்டெம்பரில் பொனம் மறைந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் குழு கலைந்தது. 1994இல் பேஜும் பிளான்டும் மீண்டும் இணைந்து, ஹொஸாம் ரம்ஸி தலைமையிலான எகிப்தியக் கலைஞரோடு வாசித்தபோது, அதே இரு பாடல்களையும் மறுபடி எடுத்துக்கொண்டனர். பம்பாயில் தொடங்கியது அவர்கள் மனத்தில் முற்றுப்பெறாமலே இருந்ததுபோலும்.

பம்பாய்ப் பதிவு 2015 ஜூலையில்தான், ‘கோடா’ இசைத்தட்டின் விரிவாக்கப் பதிப்பில் முறைப்படி வெளிவந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! பொனமின் முழக்கம் அதில் இல்லை. தப்லாவும் நரம்பிசையும் சேர்ந்து பாடலைத் தாங்குகின்றன. சில இடங்களில் தயக்கம் தெரிகிறது. சில இடங்களில் மூலத்தையே மறக்கச் செய்கிறது. பாடல் தலைப்பின் அருகே அச்சாகியிருப்பதோ ‘பம்பாய் ஓர்க்கெஸ்ட்ரா’ என்ற பொதுப்பெயர்.

ஊவாவில் வாழ்பவர்க்கு இது புதிய செய்தியன்று. கொழும்பு ஏலத்தில் தேயிலை தோட்டத்தின் பெயராலேயே விலைபோகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்று அதற்குத் தரும் தனிமணத்தைப் பற்றிச் சுவைஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுவர். கொழுந்து பறித்த கைகளுக்குப் பெயரில்லை.

இதனால் லெட் செப்பலின் மீதான என் அபிமானம் குறைந்துவிடவில்லை. எட்டு இசைத்தட்டுகளில் அவர்கள் எட்டிய உயரம் பெரிது. ஆனால் அந்த உயரம் நால்வரால் மாத்திரம் எட்டப்பட்டதன்று. வில்லி டிக்சன் நீதிமன்றம் சென்று தன் பெயரைப் பெற்றார். பம்பாயின் வாத்தியக்காரர் அவ்வாறு எவரிடமும் கேட்டதாக நான் படித்ததில்லை. அவர்களுக்காகக் கேட்கவேண்டிய கடமை, அவ்விசையில் மகிழ்ந்த இரசிகர்களாகிய நம்முடையது.