கடன் ஓடிய திசை: சூலியா தெருவிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை

எங்கள் அத்தாவின் கடைப் பேரேடுகளில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றைக் கறையான் பாதி தின்றுவிட்டது. பொன்விழா மலருக்கு எழுதக் கேட்டபோது, பழைய தலைவர்களைப் பற்றியும் கட்டட நிதியைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள் என்று தெரியும். நான் இந்தப் பேரேடுகளைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள் என்பதும் நம் சமூகத்தின் வரலாறுதானே.

1786ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது நம்மவர்கள் பக்கத்துக் கெடாவில் ஏற்கெனவே வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கு கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் குடும்பத்தோடு இருப்பதாக லைட்டே எழுதியிருக்கிறார். 1801ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. சூலியா தெருவின் பெயர் இன்றும் நம் பெயராகவே இருக்கிறது.

ஆனால் அந்தக் கடைக்காரர்களுக்கு முதல் எங்கிருந்து வந்தது? கப்பலில் வந்தவர் கையில் பெரும்பாலும் ஒரு பெட்டியும் ஊர்க்காரர் ஒருவரின் முகவரியும்தான் இருந்தன. வங்கிக்கு அவரைத் தெரியாது. செட்டியார் கிட்டங்கியில் பணம் கிடைக்கும், ஆனால் வட்டி. நம்மில் பலருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மீதமிருந்த வழி, சரக்கைக் கடனாக வாங்குவது.

இங்கேதான் பெரிய கம்பெனிகள் வருகின்றன. சிங்கப்பூரில் 1821ல் தொடங்கிய கத்ரி, 1828ல் தொடங்கிய போஸ்டெட் போன்ற ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்கள் இங்கிலாந்திலிருந்து துணியும் இரும்புச் சாமானும் கப்பல் கப்பலாக இறக்கின. அதைக் கம்பத்துக்குக் கம்பம் கொண்டுபோய் விற்க அவர்களால் முடியாது. மொழி தெரியாது, ஆள் தெரியாது. ஆகவே சீன வணிகர்களிடமும் நம்மவர்களிடமும் சரக்கைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதத் தவணைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சிறிய வியாபாரி விற்றார், பணத்தைக் கட்டினார், அடுத்த சரக்கை எடுத்தார். ஈடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் ஜாமீன் சொன்னால் போதும். கடன் விலை ரொக்க விலையைவிடச் சற்று ஏறியே இருக்கும். அதை யாரும் வட்டி என்று சொல்லவில்லை!

இதைக் கருணை என்று நினைத்துவிடக் கூடாது. சிறியவர் விற்றால்தான் பெரியவரின் கிட்டங்கி காலியாகும். விலை சரிந்த காலங்களில் கடையை மூடியவர்களும் உண்டு, இரவோடு இரவாகக் கப்பலேறியவர்களும் உண்டு. அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் கம்பெனிகள் கணக்குப் போட்டன. ஆனாலும் கடன் மேலிருந்து கீழே ஓடியது. பணம் உள்ளவர் காத்திருந்தார், இல்லாதவர் விற்றார்.

1969ல் பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுக நிலை பறிபோனது. வேலை தேடி இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன காலம் அது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூவின் அரசு பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. 1972ல் பாயான் லெப்பாஸில் வரிவிலக்கு வட்டாரம் திறந்தது. இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே போட்டது. வயலிருந்த இடத்தில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடின. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளும் இரவு ஷிப்டுக்குப் போனார்கள். அதற்கு ஊரில் எழுந்த பேச்சு தனிக் கட்டுரைக்கு உரியது.

அந்த ஆலைகளுக்குத் தேவையான சிறு கருவிகளும் உதிரி பாகங்களும் அமெரிக்காவிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். பக்கத்துப் பட்டறைக்காரர் சில நாளில் செய்து கொடுப்பார், துல்லியம் மட்டும் இருந்தால். 1974ல் ஒரு சீனக் குடும்பம் தொடங்கிய எங் ஹார்டுவேர் அப்படிப்பட்ட சிறு பட்டறைதான். ஆலைகளுக்குப் பிடிகருவிகள் செய்து கொடுத்து வளர்ந்து, பின்னாளில் எங் தெக்னோலொஜி என்ற பெயரில் வெளிநாடுகளிலும் ஆலை வைத்தது. பட்டறைக்காரரின் உழைப்பு அதில் பாதி. மறுபாதி, வரைபடத்தை விளக்கி, தவறிய பாகத்தைத் திருப்பி அனுப்பும்போது ஏன் தவறியது என்றும் சொல்லித்தந்த ஆலைப் பொறியாளர்கள். அடுத்த ஆர்டர் வரும் என்ற உறுதி. அந்த உறுதியை நம்பித்தான் புது இயந்திரம் வாங்க முடியும்.

சிங்கப்பூர் இதையே 1986ல் திட்டமாக்கியது. பன்னாட்டு நிறுவனம் தன் பொறியாளர் ஒருவரை உள்ளூர்ச் சிறு நிறுவனங்களுக்கு உதவ விட்டுக்கொடுக்கும்; அவர் சம்பளத்தைப் பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஏற்கும். மலேசியாவில் 1988ல் புரோட்டோன் கார் நிறுவனத்தை மையமாக வைத்து உதிரி பாகம் செய்வோரை வளர்க்கும் திட்டம் வந்தது. அதில் வளர்ந்தவர்கள் பலர். ஒரே வாடிக்கையாளரையே நம்பியிருந்து, அவர் விற்பனை குறைந்தபோது தாங்களும் தளர்ந்தவர்களும் உண்டு. தாங்கிப் பிடித்த கையைவிட்டு நடக்கவும் பழக்க வேண்டும் போலும்.

நம்மவர்கள் இந்த இயந்திர வேலையில் அதிகம் இறங்கவில்லை. நாம் போனது கேண்டீனுக்கும் அச்சகத்துக்கும் மளிகைக்கும். அத்தாவும் அப்படித்தான் போனார்.

எண்பதுகளில் அவருக்கு இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள். ஒன்று ஒரு பெரிய ஹோட்டல். வெங்காயம், மிளகாய், மசாலா எல்லாம் வாரம் இருமுறை போகும். ஒரு மாதத்தில் பணம் என்று பேச்சு. வந்தது நான்காவது மாதம். கணக்குப் பிரிவில் ஆள் இல்லை, கையெழுத்துப் போடுபவர் விடுப்பில், பில்லில் ஓர் எண் தப்பு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அத்தாவுக்குச் சரக்குக் கொடுத்த சீனத் தவ்கேயோ மாத முடிவில் கடை வாசலில் நிற்பார். அம்மாவின் வளையல்கள் இரண்டு தடவை அடகுக் கடைக்குப் போயின. "கொஞ்சம் கண்டித்துக் கேளுங்களேன்" என்று அம்மா சொன்னால் அத்தா சொல்வார்: "கேட்டா அடுத்த ஆர்டர் வராது, மாமூனா."

மற்றது ஒரு தொழிற்சாலையின் கேண்டீன். அங்கே பணம் மாதம் பிறந்து ஏழாம் தேதி. அது மட்டுமல்ல. துண்டுச் சீட்டில் பில் எழுதிக் கொடுத்த அத்தாவை உட்கார வைத்து, வரிசை எண் போட்ட பில் புத்தகம் அச்சடிக்கச் சொல்லி, எந்த இடத்தில் எதை எழுத வேண்டும் என்று கொள்முதல் அதிகாரி காட்டிக்கொடுத்தார். எடை குறைந்த மூட்டையை ஒருமுறை திருப்பி அனுப்பினார். அத்தா அன்றைக்கே புதுத் தராசு வாங்கினார். அந்தப் பில் புத்தகத்தைக் காட்டித்தான் பின்னால் வங்கியில் கணக்குத் திறந்தார். அந்த அதிகாரி ஒரு காசு இனாம் கொடுக்கவில்லை. விலையிலும் கறாராக இருந்தார். ஆனாலும் எங்கள் கடை நின்றது அவரால்தான் என்று அத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பேரேட்டைப் புரட்டும்போது எனக்கு உறைத்தது இதுதான். என் பாட்டனார் காலத்தில் பெரிய கம்பெனி சிறிய கடைக்குக் கடன் கொடுத்தது. அத்தா காலத்தில் சிறிய கடை பெரிய ஹோட்டலுக்குக் கடன் கொடுத்தது, அதுவும் வளையலை அடகு வைத்து. இன்று இது எங்கும் வழக்கமாகிவிட்டது. அறுபது நாள், தொண்ணூறு நாள் என்பதை ஒப்பந்தத்திலேயே அச்சடித்துத் தருகிறார்கள். பிரிட்டன் 1998ல் தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமையைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொழில் செய்வோருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். சட்டம் இருந்தாலும், வழக்குப் போட்டால் வாடிக்கை போகும் என்ற அத்தாவின் பயம் அங்கும் இருக்கத்தானே செய்யும்? கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. எழுதி வைப்பதில் நாம் குறை வைத்ததில்லை.

இதை ஹோட்டல்காரர்களைக் குறை சொல்வதற்காக எழுதத் தொடங்கினேன். பாதி எழுதிய நிலையில் மகனின் உணவகத்துக்குப் போயிருந்தேன். இப்போது மூன்று கிளை, எழுபது பேர் வேலை செய்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைத்திருந்த பில்களைச் சும்மா புரட்டினேன். ஐஸ் போடுபவருக்கு இரண்டு மாதப் பாக்கி. காலையில் கரிப்பாப்பும் கூவேயும் கொண்டுவரும் மலாய் அக்காவுக்கு ஐந்து வாரம். கையில் பணம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு அத்தா. எல்லாரும் அப்படித்தான் கொடுக்குறாங்க" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பேரேட்டை எடுத்து, அந்த ஹோட்டல் கணக்குப் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி அவனிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை கூவே அக்கா வந்தபோது அவனே கல்லாவிலிருந்து எழுந்து போய்ப் பணத்தைக் கொடுத்திருக்கிறான். அந்த அம்மா இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து கூவே வேண்டாமா என்று கேட்டாராம்.