பழைய டீசல் இயந்திரமும் தாவர எண்ணெயும்: ஒரு வரலாறு

பழைய லாரி, டிராக்டர், மின்னாக்கி (ஜெனரேட்டர்) ஆகியவற்றைக் கடலை எண்ணெய், புங்க எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெய் போன்றவற்றில் இயக்கும் முயற்சி நூறாண்டுக்கும் மேல் பழமையானது. இயந்திரம் இந்த எண்ணெய்களை ஏற்குமா என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை கிடைத்துவிட்டது. போதிய எண்ணெய் எங்கிருந்து, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதே இன்றுவரை தீராத சிக்கல்.

தொடக்கம்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் வடிவமைத்த இயந்திரம் 1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. அந்த நாளே உலக உயிரி எரிபொருள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று கடலை எண்ணெய் பயன்பட்டதாகப் பலரும் எழுதுவது தவறு. பயன்பட்டது பெட்ரோலிய எரிபொருளே. கடலை எண்ணெயில் ஓடிய இயந்திரம் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனத்தால் காட்டப்பட்டது. கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட அந்த இயந்திரம், எந்த மாற்றமும் இல்லாமல் கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் நிலக்கடலையை எரிபொருளாக்க முடியுமா என்று அறிய பிரெஞ்சு அரசு விரும்பியதே இதற்குக் காரணம்.

எண்ணெயில் உள்ள குறை

தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு பிசுபிசுப்பானது. அதனால் தெளிப்பு முனையில் நுண்ணிய துளிகளாகச் சிதறாது. சரியாக எரியாமல் கரி படியும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். மசகு எண்ணெயில் கலந்து அதைக் கெட்டியாக்கும். எண்ணெயைச் சூடாக்கிச் செலுத்துவது ஒரு வழி. மற்றொன்று, எண்ணெயுடன் மெத்தனாலையும் சிறிதளவு காரத்தையும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து எடுப்பது. எஞ்சுவதே பயோடீசல், இதன் பிசுபிசுப்பு டீசலுக்கு நெருக்கமானது. இம்முறைக்கு முன்னோடியாக, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷவான் 1937இல் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியது பனை வகை எண்ணெயும் எத்தனாலும். அடுத்த ஆண்டே பிரசெல்ஸ்–லூவன் தடத்தில் ஒரு பேருந்து இந்த எரிபொருளில் ஓடியது.

பழைய இயந்திரங்களின் எரிபொருள் பம்பு எளிய அமைப்புடையது, அழுத்தமும் குறைவு. ஆகவே அவை எரிபொருளின் தரக்குறைவை ஓரளவு தாங்கும். ஆனால் பழைய ரப்பர் குழாய்களைப் பயோடீசல் இளக்கிவிடும். தொட்டியில் படிந்த அழுக்கையும் அது கரைத்துக் கொண்டுவருவதால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மிகை அழுத்தத்தில் இயங்கும் காமன்ரெயில் இயந்திரங்களுக்குத் தரம் குறைந்த எண்ணெய் பெருங்கேடு.

இந்தியாவில்

இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பெட்ரோல் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. டீசல் இயந்திரங்களுக்கு இந்தியத் தாவர எண்ணெய்கள் எவ்வாறு பொருந்தும் என்பது பற்றி 1942இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதை எழுதிய நால்வருள் ஒருவரான லால் சந்த் வர்மன், பின்னாளில் இந்தியத் தர நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். போர் முடிந்து மலிவான கச்சா எண்ணெய் திரும்பியதும் இவ்வகை ஆய்வுகள் பின்தங்கின.

2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி விரைவுவண்டி 5 விழுக்காடு பயோடீசல் கலந்து ஓட்டப்பட்டது. 2003இல் திட்டக்குழுவின் அறிக்கை, காட்டாமணக்கைத் தரிசுநிலங்களில் பெருமளவில் பயிரிடப் பரிந்துரைத்தது. 20 விழுக்காடு கலப்புக்கு 1.12 கோடி எக்டேர் நிலம் தேவை என அது கணக்கிட்டது. தரக்கட்டுப்பாட்டுக்காக ஐஎஸ் 15607 என்ற தரநிலை 2005இல் வந்தது. 2006 ஜனவரி முதல் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு 25 ரூபாய் தருவதாக அறிவித்தன. உற்பத்திச் செலவு அதைவிடக் கூடுதலாக இருந்ததால் விற்க வந்தவர்கள் மிகச் சிலரே.

தமிழ்நாட்டிலும் விவசாயிகள் காட்டாமணக்கு நட்டார்கள். வறட்சியிலும் காய்க்கும் என்ற உறுதிமொழி பொய்த்தது. செடி பிழைத்தது, தண்ணீரில்லாமல் விளைச்சல் வரவில்லை. தமிழ்நாட்டுக் கள ஆய்வின் அடிப்படையில் அரிசா-மொந்தோபியோ, சரச்சந்திர லேலே ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றும், இப்பயிர் ஏழை விவசாயிகளையே கூடுதலாகப் பாதித்தது என்றும் கூறியது.

திருப்பூர் வட்டாரமும் எரிபொருளும்

முதலிபாளையம் சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகள் கொண்ட திருப்பூர் வட்டாரத்தில் டீசல் விலை பனியன் விலையோடு பிணைந்தது. 2008க்குப் பின் சில ஆண்டுகள் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது தொழிற்கூடங்கள் டீசல் மின்னாக்கிகளை நம்பியே ஓடின. அருகிலுள்ள காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலைகள் ஏராளம். ஆனால் தேங்காய் எண்ணெய் டீசலைவிட விலை மிகுந்தது. அதை எரிப்பது நட்டம். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இது பொதுவான நிலை.

ஆகவே இப்போது கவனம் பயன்படுத்திய சமையல் எண்ணெய்மீது திரும்பியுள்ளது. 2018 ஜூலை முதல், துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் மீண்டும் சமைப்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்துள்ளது. அந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு கலப்பது 2018ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை இலக்கு.

'பயோடீசல்' என்ற பெயரில் கலப்பட எண்ணெய் விற்பதும் உண்டு. விலை குறைவு என்று அதை வாங்கும் லாரி உரிமையாளர் பம்பையும் இன்ஜெக்டரையும் இழக்க நேரிடும். 2019ஆம் ஆண்டு மத்திய அரசு நெறிமுறைகளின்படி தரநிலைக்கு உட்பட்டதையே பயோடீசல் என விற்கலாம். வாங்குவோர் ஐஎஸ் 15607 தரச்சான்றைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.