கசகசாவும் லேகியமும்: பயணப் பெட்டியில் வைக்கும் முன் அறிய வேண்டியவை

புவனகிரி, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம் பகுதிகளில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இல்லாத முஸ்லிம் குடும்பங்கள் குறைவு. விடுமுறை முடிந்து திரும்புபவர்களின் பெட்டியில் மசாலாவும் நாட்டு மருந்தும் கட்டாயம் இருக்கும். இவற்றில் சில பொருட்கள் ஊரில் உணவாகவும் மருந்தாகவும் இருந்தாலும், இறங்கும் நாட்டில் போதைப்பொருளாகக் கருதப்படுகின்றன.

கசகசா

கசகசா என்பது அபினிச் செடியின் விதை. அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அபினையும் காய்ந்த காயின் தோட்டையும் கட்டுப்படுத்துகிறது. விதைக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. எனவே மளிகைக் கடையில் கசகசா தாராளமாகக் கிடைக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் நிலைமை வேறு. விதையில் அபினின் மார்ஃபின் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் அங்கு கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். 'குருமாவுக்காகக் கொண்டு வந்தேன்' என்ற பதில் வழக்கிலிருந்து காப்பாற்றும் என நம்பியிருக்க முடியாது. ஹஜ் பயணிகள் கசகசா எடுத்துச் செல்லக்கூடாது என்று இந்திய ஹஜ் கமிட்டியும் அறிவுறுத்துகிறது.

லேகியம், மாஜூன்

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணையில், சித்தா, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அபினி, கஞ்சா, எட்டி, சேங்கொட்டை ஆகியவை அதில் உண்டு. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் உண்டு. இவை சேர்ந்த உள்மருந்துகளின் டப்பாவில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆனால் அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டாலே போதும் என்கிறது விதி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த எச்சரிக்கை எட்டுவதில்லை.

மார்க்கத்தின் பார்வை

போதை தருவது ஹராம். வேறு வழியில்லாத நோய்க்கு, நம்பகமான மருத்துவர் சொல்லும் அளவில் மருந்தாகப் பயன்படுத்த ஃபிக்ஹ் அறிஞர்கள் இடமளித்துள்ளனர். கசகசா போதை தருவதில்லை. அதைச் சமையலில் சேர்ப்பதில் தவறில்லை. எனினும் ஒரு பொருள் ஹலாலா என்பது ஒரு கேள்வி. அதை இன்னொரு நாட்டுக்குள் கொண்டு செல்லலாமா என்பது வேறு கேள்வி. விசா பெறுவது அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக நாம் தரும் வாக்குறுதி. வாக்கைக் காப்பது முஃமினின் கடமை.

நாம் செய்ய வேண்டியவை

பெயரும் சேர்மானமும் அச்சிடப்படாத பொடி, லேகியம் எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம். கசகசா கலந்த மசாலாப் பொடியும் இதில் அடங்கும். தேவையான மருந்தை மருத்துவரின் சீட்டுடன், அந்த நாட்டின் அனுமதிப் பட்டியலைப் பார்த்த பிறகே எடுத்துச் செல்லுங்கள். பிறர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்; உறவுக்காரர் தந்தாலும் சரியே. உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு.

அறியாமையால் ஒரு குடும்பமும் கண்ணீர் சிந்தாமல் அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.