நூற்றைம்பத்து மூன்று மீன்கள்

ஒரு பள்ளியின் வரலாற்றை அதன் கட்டடங்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். இலண்டன் தூய பவுல் பள்ளிக்கு அம்முறை பொருந்தாது. ஐந்து நூற்றாண்டுகளில் அது ஒருமுறை நெருப்புக்கு இரையாயிற்று, இருமுறை இடம்பெயர்ந்தது. மாறாது அதனோடு வந்தது ஓர் எண்: 153.

தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாகிய ஜான் கோலெட் 1509ஆம் ஆண்டில் இப்பள்ளியை நிறுவினார். அவர் தந்தை ஹென்றி கோலெட் துணிவணிகர். இருமுறை இலண்டன் மேயராக விளங்கியவர். இருபத்திரண்டு பிள்ளைகள் பிறந்த அவ்வில்லத்தில் எஞ்சியவர் ஜான் ஒருவரே. தந்தைவழி வந்த பெருஞ்செல்வத்தை அவர் ஊரார் பிள்ளைகளுக்கென எழுதி வைத்தார். 153 சிறுவர்க்குக் கட்டணமில்லாக் கல்வி. எந்நாட்டார், எவ்வினத்தார் என்ற வேற்றுமை பாராட்டலாகாது என்பது அவர் வகுத்த விதி. யோவான் நற்செய்தியில் பேதுருவின் வலையில் அகப்பட்ட மீன்களின் தொகை 153. அத்தனை மீன்களைத் தாங்கியும் வலை கிழியவில்லை. பள்ளியின் எண் அங்கிருந்தே வந்தது என்பது மரபு. தேர்வில் சிறந்து நிறுவனரின் அறக்கட்டளை மாணவராகத் தெரிவு பெறுவோர் வெள்ளி மீன் அணியும் வழக்கமும் அதனை ஒட்டியதே.

விதிகளில் சிறியனவும் உண்டு. சேரும் சிறுவன் நான்கு பென்னி தருதல் வேண்டும். அது பள்ளியைப் பெருக்கும் ஏழை மாணவனைச் சேரும். குளிர்காலத்தில் வெளிச்சத்துக்கு மெழுகுத்திரியே கொணர வேண்டும். மலிவான கொழுப்புத்திரி கூடாது.

குருவாகிய கோலெட் தம் பள்ளியைத் திருச்சபையின் பொறுப்பில் விடவில்லை என்பதே வியப்பு. துணிவணிகர் சங்கத்தாராகிய இல்லறத்தாரிடம் அதனை ஒப்படைத்தார். மனித காரியங்களில் உறுதியானது எதுவுமில்லை எனினும், இவர்களிடமே கேடு குறைவாகக் கண்டதாக அவர் சொன்னதை நண்பர் எராஸ்மஸ் பதிவு செய்துள்ளார். ஒரு தலைமுறைக்குள் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோதும் வணிகர் கையிலிருந்த பள்ளி நிலைத்து நின்றது.

முதல் தலைமையாசிரியர் வில்லியம் லில்லியின் பெயர் தாங்கிய இலத்தீன் இலக்கணம் பல தலைமுறைகளுக்கு இங்கிலாந்தின் பாடநூலாயிற்று. மில்டன் பயின்றது இங்கேதான். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் இங்கே மாணவராக இருந்தபோது, 1649இல் அரசன் முதலாம் சார்லஸ் தலை வெட்டுண்டதை நேரில் கண்டார். 1666இல் தம் பள்ளியே பெருந்தீயில் அழிந்ததையும் குறித்து வைத்தார். பின்னாளில் பெண்ட்லி என்னும் பதினாறு வயது மாணவர், ஒருவரின் பெயரில் தொடங்கிக் குறும்பாக முடியும் நாலடிப் பாவகையை இங்குப் படிக்கும்போதே புனைந்தார். அது அவருடைய நடுப்பெயரால் 'கிளெரிஹியூ' என வழங்குகிறது. அவர்தம் பள்ளித் தோழர் செஸ்டர்டன். 1917இல் அராஸ் போர்க்களத்தில் மாண்ட கவிஞர் எட்வர்ட் தாமஸும், யாழ்ப்பாணத்தில் ஆட்சிப்பணி தொடங்கிய லெனார்டு வூல்ஃபும் இப்பள்ளியின் மாணவர்களே.

விடுதிப் பள்ளிகளே பெருமை பெற்ற நாட்டில், இது பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்து செல்வோரின் பள்ளி. 1860களில் அரசு ஆணைக்குழு ஆராய்ந்த ஒன்பது பள்ளிகளுள் பகற்பள்ளிகள் இரண்டே. அவற்றுள் இதுவும் ஒன்று. 1884இல் நகரின் நடுவிலிருந்து ஹாமர்ஸ்மித்துக்கும், 1968இல் தேம்ஸ் நதிக்கு அப்பால் பார்ன்ஸுக்கும் பெயர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் மாணவர் வெளியூர் சென்றிருந்தபோது, பழைய மாணவராகிய தளபதி மாண்ட்கோமெரி அக்கட்டடத்தையே தம் தலைமையகமாக்கினார். 1944 மே 15இல் நார்மண்டிப் படையெடுப்பின் திட்டம் மன்னர் முன்னிலையில் அங்கே விளக்கப்பட்டது.

இத்தனை பெருமைக்கும் நடுவே ஒரு கேள்வி எஞ்சுகிறது. கட்டணமில்லாமல் கற்பிக்கப் பிறந்த பள்ளி இன்று கட்டணம் மிகுந்த பள்ளிகளுள் ஒன்று. எண் நிலைத்தது, அதன் பொருள் மாறிற்று. வெள்ளி மீன் அணிபவன் அறிவால் அதனைப் பெறுகிறான். ஆயின் அவ்வாயிலுக்குள் நுழையப் பெரும்பாலோர்க்குப் பொருள் வேண்டும். வசதியற்ற 153 மாணவர்க்கு உதவி அளிப்பதைப் பள்ளி தன் குறிக்கோளாக அறிவித்தது, நிறுவனரின் சொல்லை மீண்டும் நினைந்ததன் அடையாளம்.

கோலெட் எதையும் உறுதியென நம்பவில்லை; ஆதலால்தான் காப்பாளரைத் தேர்வதில் அத்துணைக் கருத்தாயிருந்தார். அவர்கள் வலையைக் கிழியாமல் காத்தனர். எந்த மீன்களுக்காக அது வீசப்பட்டது என்பதையும் மறவாதிருத்தலே மரபு. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக்கும் அது பொருந்தும்.