புளியாரையின் ஆரை

சென்ற தை மாதம் வேளச்சேரி–தாம்பரம் சாலையோரத்து நர்சரி ஒன்றில் ஒரு தொட்டி வாங்கினேன். ஆறங்குலத் தொட்டி. காம்புக்கு மூன்றாக ஊதா இலைகள். அவற்றுக்கு மேலே மெல்லிய தண்டில் ஐந்து இதழ் வெள்ளைப் பூ. செருகியிருந்த அட்டையில் 'ஷாம்ராக், அதிர்ஷ்டச் செடி' என்று எழுதியிருந்தது. தமிழில் என்ன பெயர் என்று விற்ற தம்பியைக் கேட்டேன். "பட்டாம்பூச்சிச் செடின்னு சில பேர் கேப்பாங்க சார். மத்தபடி தமிழ்ல பேரெல்லாம் கிடையாது, ஃபாரின் செடி" என்றார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குறை அடுத்த வாரம் வந்தது. மாடித்தோட்டக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், படித்தவர் ஒருவர் என் தொட்டிச் செடிக்கு உறவான நம் ஊர்ப் புளியாரையைப் பற்றிப் பேசினார். புளி + அரை, புளியரை. அதுவே நீண்டு புளியாரை ஆயிற்றாம். புளியில் பாதிப் புளிப்பு உள்ளதால் அந்தப் பெயராம். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் வாங்கிய சொற்பிறப்பு ஆறே மாதத்தில் நூறு கைப்பேசிகளுக்குப் போய்விடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'அரை'யை முடித்துவிடலாம். அரை ஆரை ஆவதற்கு விதி எது? செங்கோட்டைக்கு அப்பால் கேரள எல்லையில் புளியரை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே குறில் குறிலாகவே நிற்கிறது; ஒருவர் வாயிலும் நீளவில்லை. அதைவிடப் பெரிய தடை, ஆரை என்பது புளியாரையில் மட்டும் வரும் ஒட்டுச்சொல் அன்று என்பது. ஆரை தனிச்சொல். வயல் வாய்க்காலில் காம்புக்கு நான்கு இலையாக மிதக்கிறதே, அதுதான் ஆரை. நீராரை என்றும் சொல்வதுண்டு. புளிப்புச் சிறிதும் இல்லாத அந்தக் கீரைக்கு எதில் பாதி என்று பெயர் வைத்தார்கள்? சேலையூரில் கீரை விற்கும் அம்மாவிடம் கேட்டேன். "ஆராக்கீரையா? முன்ன வயக்கால்ல அள்ளிக்கினு வருவோம் கண்ணு. இப்ப வயலே இல்லியே" என்றார். வயல் போய்விட்டது, சொல் அவர் வாயில் இருக்கிறது.

ஆக ஆரைகள் மூன்று: நீராரை, புளியாரை, வல்லாரை. மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். நீராரை பூவே பூக்காத பெரணி இனம். வல்லாரை கொத்தமல்லியின் உறவு. புளியாரை நட்சத்திரப் பழம் என்று விற்கும் தமரத்தைக்கு உறவு. இவற்றை ஒரே சொல்லால் அழைத்தவன் எதைக் கண்டு அழைத்தான் என்று கேட்பதே சரியான கேள்வி. ஒன்றுக்கு மட்டும் பொருந்தி மற்ற இரண்டை விட்டுவிடும் விளக்கம் எதுவானாலும் தள்ளத்தக்கது.

வல்லவர் ஆக்குவது வல்லாரை, வல்லார் + ஐ என்பார் உண்டு. அப்படியானால் நீரார் யார், புளியார் யார்?

ஆத்திக் கட்சி சற்று வலுவானது. ஆர் என்பது ஆத்தி. சோழர் சூடிய பூ. ஆத்தி இலை நடுவில் பிளந்திருக்கும். புளியாரையின் ஒவ்வோர் இலையும் நுனியில் பிளந்து ஆத்தி இலையின் குட்டி வடிவம்போல் இருப்பது உண்மைதான். இந்த விளக்கத்தை நானே சில காலம் நம்பினேன். ஆனால் நீராரையின் இலையில் பிளவு இல்லை. விசிறிபோல முழுதாக இருக்கும். அடிச்சொல்லை உடைய செடிக்கே பொருந்தாத விளக்கம் அடைபெற்ற செடிக்கு மட்டும் பொருந்தி என்ன பயன்?

மூன்றாவது கட்சி மலையாளத்தைத் துணைக்கு அழைக்கிறது. அங்கே புளியாறில என்று ஒரு வழக்கு உண்டு. பிளவுபட்ட மூன்று இலை ஆறாகத் தோன்றுவதால் ஆறிலை என்கிறார்கள். அதே மலையாளத்தில் புளியாரல், நீராரல் என்ற வழக்கும் உண்டு. இரண்டிலும் இடையின ரகரம். நான்கு இலை உள்ள நீராரலை எந்தக் கணக்கில் ஆறாக்குவது? ஆறில என்பது ஆரலின் பொருள் மறந்தபின் எண்ணிப் பார்த்துச் செய்த திருத்தம். அண்டை மொழியும் நீரையும் புளியையும் ஒரே சொல்லுக்கு அடையாக வைத்திருக்கிறது என்பதே நமக்கு வேண்டிய சான்று.

இனி என் கட்சி. ஆரை என்பது ஆரக்கால். சக்கரத்தின் குடத்திலிருந்து வட்டைக்கு ஓடும் கால்.

ஒரு நீராரைக் காம்பைப் பிடித்து மேலிருந்து பாருங்கள். நான்கு இலைகளும் ஒரே புள்ளியில், காம்பின் உச்சியில், சேர்கின்றன. அங்கிருந்து நான்கு திசைக்கும் சமமாக விரிகின்றன. புளியாரையில் மூன்று, அதே புள்ளிக் கூடல், அதே விரிவு. வல்லாரையில் இலை ஒன்றே. ஆனால் காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்புகள் வட்ட விளிம்பை நோக்கி ஆரம் ஆரமாக ஓடுகின்றன. மூன்று செடிக்கும் பொதுவாக வேறு எது இருக்கிறது? சுவை வேறு, பூ வேறு, வளரும் இடம் வேறு. சக்கர வடிவம் ஒன்றே பொது.

சொல்லின் பழமைக்குத் தொலைவில் போக வேண்டாம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணனுக்குத் தரும் தேரின் வருணனை நினைவிருக்கும்; ஆரம் சூழ்ந்த சக்கரம் அங்கே வருகிறது. பாடிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரார். அந்த இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரோடு, தாம்பரம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில். நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே போய்ச் சேரலாம். இந்த மண்ணின் புலவன் தேர்க்காலுக்கு வழங்கிய சொல்லை, இந்த மண்ணின் உழவன் வாய்க்கால் கீரைக்கு வழங்கினான் என்றால் அதில் வியப்பில்லை. வண்டிக்காரர் ஆரக்கால் என்கிறார். கீரைக்கார அம்மா ஆராக்கீரை என்கிறார்.

இலங்கைத் தமிழர் இதற்கு இன்னொரு சாட்சி. நம் பள்ளிக் கணக்கில் வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குள்ள தொலைவு ஆரம். அங்கே அதற்கு ஆரை என்றே பெயர். அச்சு அசலாக நம் கீரையின் பெயர். மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதிக்கு முன்னாளில் ஆரைப்பற்றை என்று பெயர். ஆரை மண்டிய இடம் என்பார்கள். ஆக அந்நாட்டுத் தமிழில் கீரையும் கணக்கும் ஒரே எழுத்தில் நிற்கின்றன. நிகண்டுகள் ஆரைக்கு மதில் என்றும் பொருள் தரும். மதில் ஊரைச் சூழ்ந்து கட்டுவது. ஆர்த்தல் என்றால் கட்டுதல், பிணித்தல். குடத்தையும் வட்டையையும் பிணிப்பது ஆரம். ஊரைப் பிணிப்பது ஆரை. வடமொழி 'அர' என்பதிலிருந்து கடன் வாங்கியது என்போர், நெடில் முதலாக இத்தனை பொருளோடு தமிழில் கிளைத்து நிற்கும் ஒரு குடும்பத்தை ஒற்றைக் குறிலுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். நான் ஏற்கவில்லை.

அடுத்தது அடைமொழி. புளியாரையில் உள்ள புளி மரமா, சுவையா? தொல்காப்பியர் இந்த இரண்டையும் இரண்டு சொல்லாகவே நடத்துகிறார். மரப்பெயர் அம் சாரியை பெறும்: புளியங்கொம்பு. சுவைப்பெயர்க்கு அடுத்த நூற்பாவில் வேறு விதி: உரையாசிரியர்கள் காட்டும் புளிங்கூழ், புளிந்தயிர். தயிரிலே மரம் ஏது? புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன், வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டு ஆய்மகள் ஆக்கிய புளித்த கூழைச் சொல்கிறான். அந்தப் புளிப்பு தயிர் தந்தது. புளி முதலில் நாக்கில் இருந்தது, பிறகே மரத்துக்குப் போயிற்று. அரேபியர் அந்த மரத்தின் பழத்தை இந்தியப் பேரீச்சை என்றார்கள். நாமோ சுவையையே பெயராக்கிவிட்டோம். புளிச்சைக்கீரையும் அப்படிப் பெற்ற பெயர்தான். எனவே மரப்புளியோடு அளந்து பார்த்து அரை, கால் என்று பெயர் வைத்தார்கள் என்பதற்கு இடமே இல்லை. புளிக்கும் ஆரை, புளியாரை.

மேலை நாட்டாரும் இதையே செய்தார்கள். ஆக்சாலிஸ் என்ற தாவரப் பெயர், புளிப்பு அல்லது கூர்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. லின்னேயஸ் 1753இல் நம் மஞ்சள் பூப் புளியாரைக்கு ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா என்று பெயரிட்டார். காய் சிறு கொம்புபோல் நிமிர்ந்து நிற்பதால் அந்த அடை. ஆக்சாலிக் அமிலத்துக்கு இந்தச் செடியினமே பெயர் கொடுத்தது. ஆக்சிஜனிலும் அதே கிரேக்க அடிச்சொல்தான்: அமிலங்களை உண்டாக்குவது அதுவே என்று லவாய்சியே நினைத்தார்.

ஷாம்ராக் என்ற அட்டைக்கு வருகிறேன். அயர்லாந்துக்காரரின் அந்தச் சொல்லுக்குச் சின்னக் குளோவர் என்பதுதான் பொருள். குளோவர் அவரைக் குடும்பம். மார்ச் 17இல் அவர்கள் திருநாளுக்கு அமெரிக்கக் கடைகள் என் தொட்டியில் உள்ள ஆக்சாலிஸை அந்தப் பெயரில் விற்கப்போய், அட்டை அப்படியே தாம்பரம் வரை வந்துவிட்டது. செடியோ பிரேசிலையும் அதன் பக்கத்து நாடுகளையும் சேர்ந்தது. அதற்குத் தாவரப் பெயர் தந்தவர் 1816 முதல் 1822 வரை பிரேசிலில் அலைந்த பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் த சேன்-இலேர். முக்கோண இலை என்பதே அவர் வைத்த அடை. ஊதா இலை வகைக்குப் பட்டாம்பூச்சி என்று பொருள்படும் லத்தீன் அடையும் உண்டு. நர்சரித் தம்பி சொன்ன பெயர் ஷாம்ராக்கைவிட உண்மைக்கு எவ்வளவோ அருகில் இருக்கிறது.

என் தொட்டி கிழக்குப் பார்த்த பால்கனியில் இருக்கிறது. காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல். செம்மண், மட்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் மணல். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், அதனால் ஐப்பசி மழையில் கூரைக்குள் இழுத்துவிடுகிறேன். அந்தி சாயும்போது மூன்று இலையும் கீழ்நோக்கி மடிந்து காம்போடு ஒட்டிக்கொள்ளும், குடையை மடக்கினாற்போல. குடையில் கம்பிகள் கூடும் உச்சிப்புள்ளி எப்படியோ, அப்படியே இலைகள் கூடும் அந்தப் புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். ஆரையின் பொருளைச் செடியே மாலைதோறும் எனக்குக் காட்டுவதாக நான் நினைக்கிறேன். ஓர் இலையைக் கிள்ளி மென்றேன்; நம் ஊர்ப் புளியாரையின் அதே சுருக்கென்ற புளிப்பு. ஆக்சாலிக் அமிலம் என்பதால் அதற்குமேல் தின்ன வேண்டாம். சித்திரையில் இலை முழுதும் வாடி விழுந்தது. செத்துவிட்டது என்று பலர் இந்த நேரத்தில்தான் தொட்டியைக் கொட்டுகிறார்கள். மண்ணுக்குள் செதில் செதிலாகச் சிறு கிழங்குகள் உறங்குகின்றன. தண்ணீரை நிறுத்தி நிழலில் வையுங்கள். வெக்கை தணிந்து ஈரம் காட்டினால் தளிர்க்கும். என்னுடையது ஆடியில் தளிர்த்தது.

புதிய பொருள் தன் பெயரைக் கூட்டிக்கொண்டு வருவதில் எனக்குப் பிணக்கு இல்லை. குரோம் தோல் தொழிற்சாலை வந்தது, குரோம்பேட்டை வந்தது. டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய் மருத்துவமனை தொடங்கினார். அதிலிருந்து சானடோரியம் ஒரு ரயில் நிலையமாகவே ஆகிவிட்டது. அந்தப் பொருள்களுக்கு நம்மிடம் பெயர் இல்லை. ஆரைக்கு இருந்தது. அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடக்கிறது. சித்த மருத்துவம் படிப்போருக்குப் புளியாரை அன்றாடச் சொல். அங்கிருந்து சில கிலோமீட்டரில் அதன் அக்காள் செடிக்குத் தமிழில் பெயர் இல்லை என்று விற்கிறோம்.

வெண்தாமரை என்கிறோம், வெண்பூசணி என்கிறோம். வெள்ளைப் பூப் பூக்கும் இதை வெண்புளியாரை என்று சொல்ல என்ன தடை? தாம்பரம், மேடவாக்கம், வண்டலூர்ப் பக்கத்து நர்சரிக்காரர்களை இதற்காகவே கேட்டுக்கொள்கிறேன்: அட்டையில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், அதன்கீழ் வெண்புளியாரை என்று ஒரு வரி சேருங்கள். வாங்குகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.