கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

எங்க பெரியப்பாவுக்கு பாகூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. ஒரு சம்பா அறுப்பு சமயம், இருட்டின பிறகு வரப்பில் நடந்து வந்தவரைக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. காலுக்கு மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, பச்சிலை கொடுக்கிற ஒருத்தரிடம் கூட்டிட்டுப் போனதில் ரெண்டு மணி நேரம் போச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தப்போ ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது.

டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜை மேல் வைத்தார். "இருபது நிமிஷம் இதை யாரும் ஆட்டாதீங்க" என்றார். நேரம் முடிந்ததும் குழாயைச் சாய்த்தார். தண்ணி மாதிரி ஓடியது. "பாட்டிலை ஏத்துங்க" என்று நர்ஸிடம் சொன்னார்.

அந்த இருபது நிமிடத்துக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக்கு மேலான ஒரு கதை இருக்கிறது. அதில் பாதி நம்ம கடற்கரைக் கதை.

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு, வெள்ளையணுவோடு மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்களும் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிய்ந்து வரும் துணுக்குகள்தான் தட்டணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் சுமார் பத்து நாள். காயம் பட்டதும் இவை ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. ஆனால் அந்த அடைப்பு மட்டும் நிற்காது. ஈரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை ஃபைப்ரின் நூலாக மாற்றுகின்றன. அந்த நூல் வலைதான் ரத்தக் கட்டி.

இப்போது வரலாறு. பேட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். 1780களில் விசாகப்பட்டினத்தில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கர்நாடகப் பகுதிக்கு இயற்கை ஆய்வாளராக நியமித்தது. சோழமண்டலக் கரையின் பாம்புகளைச் சேகரித்து, 1796இல் படங்களோடு புத்தகமாக்கினார். விஷப்பாம்பு எது, விஷமில்லாதது எது என்று ஜனங்கள் அடையாளம் காண வேண்டும் என்பதுதான் அவர் அக்கறை. அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்குப் பேர்போன 'தஞ்சாவூர் மாத்திரை'யையும் சோதித்துப் பார்த்தார். அதில் பாஷாணம் இருந்தது. அவர் பெயரைத்தான் கண்ணாடி விரியன் இன்றும் சுமக்கிறது: டபோயா ரஸ்ஸெலி.

1900களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஜார்ஜ் லாம்ப், கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவைப்பதைச் சோதனையில் காட்டினார். நாகத்தின் விஷத்துக்கு எதிராகத் தயாரித்த மருந்து விரியன் கடிக்கு உதவாது என்பதும் அந்த நாட்களில்தான் தெளிவானது.

உறையவைக்கிற விஷம் என்றால், பெரியப்பாவின் ரத்தம் ஏன் உறையவில்லை? இங்கேதான் விஷயமே இருக்கு. விஷம் ரத்தத்தில் உள்ள பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேரடியாகத் தூண்டிவிடுகிறது. காயமே இல்லாத இடத்திலும் உடம்பு முழுக்க ஃபைப்ரின் உருவாகி, உருவான வேகத்தில் கரைந்தும் போகிறது. கையிருப்பு அத்தனையும் செலவாகிவிடுகிறது. அதன் பிறகு நிஜக் காயம் ஒன்று வந்தால் அடைக்க எதுவும் மிச்சமில்லை. களஞ்சியத்து நெல்லை ஒரே ராத்திரியில் வாரி இறைத்த மாதிரி.

இதையே மருந்தாக்க நினைத்தார் லண்டன் மருத்துவர் ஆர்.ஜி. மெக்ஃபார்லேன். ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குப் பல் பிடுங்கினால்கூட ரத்தம் நிற்காது. லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றைக் கவனித்துவந்த பர்ஜெஸ் பார்னெட்டோடு சேர்ந்து பல பாம்புகளின் விஷங்களைச் சோதித்தார். ஜெயித்தது கண்ணாடி விரியன். வெகுவாக நீர்த்த விஷமே ஹீமோஃபிலியா ரத்தத்தை நொடிகளில் உறையவைத்தது. 1934இல் வெளியிட்டார்கள். காயத்தின் மேல் வைக்கும் மருந்தாக 'ஸ்டிப்வென்' என்ற பெயரில் அது கடைக்கும் வந்தது. ஹீமோஃபிலியாவில் எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைவு. விஷம் அந்தப் படிகளைத் தாண்டிப் பத்தாம் காரணியில் நேரே கை வைக்கிறது. அதனால்தான் வேலை செய்தது. 1964இல் இதே மெக்ஃபார்லேன், ஒரு காரணி அடுத்ததைத் தூண்டும் அருவி போன்ற வரிசையாக ரத்த உறைதலை விளக்கினார். அதே வருஷம் அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். இன்றும் ரத்த உறைவுக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் இந்த விஷத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

குழாய் ஏன் கண்ணாடியாக இருக்கணும்? கண்ணாடிப் பரப்பு பன்னிரண்டாம் காரணியை எழுப்பி உறைதலைத் தொடங்கி வைக்கும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. புதுக் குழாய், ரெண்டு மில்லி ரத்தம், இருபது நிமிடம். கரெண்ட், மெஷின் எதுவும் வேண்டாம். கிராமத்து ஆஸ்பத்திரியிலும் செய்யலாம்.

ஏற்றிய பாட்டிலுக்கும் நம்ம பக்கத்து ஊர்க் கதை உண்டு. பாம்புத்தோல் வியாபாரம் 1970களில் தடைபட்டதும் இருளர்கள் பிழைப்பிழந்தார்கள். 1978இல் அவர்களுக்காகப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். இந்திய விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கொடுத்தது. அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள்.

மருந்து விஷத்தை முறிக்கும். செலவான புரதத்தைத் திருப்பித் தராது. அதை ஈரல்தான் மறுபடி செய்யணும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் ஆறு மணிக்கொரு முறை குழாய்ச் சோதனை நடந்தது. விடியற்காலையில் சாய்த்தபோது ரத்தம் அசையாமல் நின்றது. பெரியம்மா அப்போதான் உட்கார்ந்தாங்க.

ஆனால் தாமதத்தில் சிறுநீரகம் கெட்டிருந்தது. மூணு வாரம் டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்துக்காரங்க.

கயிறு இறுக்கிய தழும்பு பெரியப்பா காலில் கடைசி வரை இருந்தது. கடித்த தடம் மறைந்துவிட்டது. வரப்புக்கு டார்ச் இல்லாமல் போகிற பசங்களைப் பார்த்தால் வேட்டியைத் தூக்கி அந்தத் தழும்பைத்தான் காட்டுவார். "பாம்பு போட்டது இல்லடா, நம்மாளுங்க போட்டது. கடிச்சா கட்டாத, கீறாத, வண்டிய எடு" என்பார்.