சாட்சி கேட்டார்கள், குறை கேட்கவில்லை: சீருடை வன்முறையும் கேரள எல்லைப் பகுதிகளும்

இடுக்கி மாவட்டத்தின் தங்கமணி, மலையில் குடியேறிய விவசாயிகளின் ஊர். 1986 அக்டோபரில் ஒரு தனியார் பஸ் ஊழியர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் மூண்ட தகராறு அங்கே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. ஓர் உயிர் போயிற்று. ஆண்கள் வீடுகளை விட்டு ஓடி ஒளிந்திருந்த இரவில் போலீசார் புகுந்து பெண்களிடம் அத்துமீறினார்கள் என்ற குற்றச்சாட்டு கேரளத்தை உலுக்கியது. கே. கருணாகரன் அரசு நீதிபதி டி. ஸ்ரீதேவியிடம் விசாரணையை ஒப்படைத்தது. அவர் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் மாநில மகளிர் ஆணையத் தலைவராகவும் இருந்தவர். 1987 தேர்தலில் தங்கமணி மேடைதோறும் முழங்கியது. ஆட்சி மாறியது.

1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் ஒரு விசாரணைக் கமிஷன் கேட்பது இரண்டே கேள்விகள்: என்ன நடந்தது, யார் செய்தார்கள். இரண்டும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் மூன்றாவது ஒரு கேள்வியும் இருக்கிறது. அதன்பிறகு உனக்குக் கிடைத்த உதவி உதவியாக இருந்ததா? மருத்துவமனையில் எப்படி நடத்தினார்கள், வக்கீல் வந்தாரா, பணம் எப்போது வந்தது, தங்குமிடம் தங்கக்கூடியதாக இருந்ததா? பெயரைச் சொல்லாமலேயே, வழக்கோடு தொடர்பில்லாமலேயே ஒரு பெண் இவற்றுக்குப் பதில் சொல்லலாம். சீருடை அணிந்தவர்களின் பாலியல் வன்முறையைப் பற்றிய நம் நாட்டு வரலாற்றில் முதல் இரண்டு கேள்விகளுக்காகப் பெண்களைப் பலமுறை பேசவைத்திருக்கிறோம். மூன்றாவதற்கு இடமே ஒதுக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளி உருவான விதத்தையும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ் எல்லைப் பகுதிகளில் அது எடுக்கும் தனி வடிவத்தையும் ஆராய்கிறது.

முரி எக்ஸ்பிரஸ்

தொடக்கம் ஒரு போலீஸ் நிலையம். 1972-இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடி இளம்பெண் வன்முறைக்கு ஆளானார். போலீசார் இருவரையும் உச்சநீதிமன்றம் விடுவித்தது. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979-இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து எழுந்த போராட்டத்தின் விளைவாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வு தனிக் குற்றமானது, விசாரணை மூடிய அறைக்குள் போனது, பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதைத் தடுக்கும் 228-ஏ பிரிவு வந்தது. அந்தத் திருத்தத்துக்குக் காரணமான பெண்ணின் பெயராலேயே அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லப்படுகிறது. இங்கே அதைத் தவிர்க்கிறேன்.

அடுத்த திருப்பத்தை நம் எழுத்துகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். 1993 பிப்ரவரியில் ராஞ்சியிலிருந்து டெல்லிக்குச் சென்ற முரி எக்ஸ்பிரஸ் ரயிலில், வீட்டு வேலை செய்து பிழைக்கும் பழங்குடிப் பெண்களை ராணுவத்தினர் சிலர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். டெல்லி வீட்டுவேலைப் பெண்கள் அமைப்பு ஒன்று உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு குற்றத்தைக் கண்டிப்பதோடு நிற்கவில்லை. புகார் கொடுக்கும் பெண்ணுக்குக் காவல் நிலையத்திலேயே சட்ட உதவி கிடைக்க வேண்டும். அந்த உரிமை இருப்பதைப் போலீசார் அவரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு எங்கிருந்து வேறு வகை உதவி கிடைக்கும் என்பதை வக்கீல் வழிகாட்ட வேண்டும். தேவையான அளவுக்கு அடையாளம் மறைக்கப்பட வேண்டும். குற்றவாளி தண்டிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு வழங்க ஒரு வாரியம் வேண்டும். இவை அந்தத் தீர்ப்பின் கட்டளைகள்.

இந்தியாவில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான ஆதரவுச் சேவை என்ற கருத்தே ராணுவத்தினர் செய்த ஒரு குற்றத்திலிருந்துதான் சட்ட வடிவம் பெற்றது. அதே தீர்ப்பில் அடையாள மறைப்பும் ஆதரவுச் சேவையும் அருகருகே நிற்கின்றன. ஆனால் இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு, அதாவது அடையாளத்தை மறைத்துக்கொண்டே சேவையைப் பற்றிச் சொல்ல ஒரு வழி, அதில் இல்லை. இழப்பீட்டுத் திட்டத்துக்கே பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ பிரிவு 2009 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. 2013-இல், பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, ஓரிடத்தில் பணிக்கு நிறுத்தப்பட்ட ஆயுதப்படையினர் அங்கே செய்யும் வன்புணர்வு கடுமையான தண்டனைக்குரிய தனி வகையாகச் சேர்க்கப்பட்டது. பாலியல் குற்றங்களில் அரசு ஊழியரை விசாரிக்க முன் அனுமதி தேவையில்லை என்ற விதியும் வந்தது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்ன பரிந்துரை மட்டும் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

வாச்சாத்தியில் கேட்டது

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் மிகக் கனமான பக்கம் வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்திய போராட்டத்தால் 269 பேர் மீது வழக்கு நடந்தது. உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பரில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் மீதான குற்றம் வன்புணர்வு. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் வேலையோ சுயதொழிலோ ஏற்பாடு செய்யவும் அரசுக்கு உத்தரவிட்டது.

தீர்ப்புக்கு முன் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போனார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்த கதையில், அவர்கள் இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்பதை நீதித்துறை வீட்டு வாசலுக்கு வந்து பார்த்த தருணம் அது. அடையாள அணிவகுப்பில் நின்று குற்றவாளிகளைக் கைகாட்டியவர்கள் அந்தப் பெண்கள். அங்கே பெயர் மறைப்பு என்பது ஏட்டில் மட்டுமே சாத்தியம். ஊருக்கு எல்லாம் தெரியும். அவர்களுடைய துணிவை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். ஆனால் அந்த அளவு துணிவு இல்லாத ஒருத்திக்கும் மருத்துவமனையைப் பற்றிக் குறை சொல்ல உரிமை உண்டு.

இடுக்கியில் ஊர்ப்பெயரே அடையாளம்

1996-இன் சூரியநெல்லி பாலியல் வன்முறை வழக்கு சீருடை வன்முறை பற்றியதல்ல. ஆனால் இந்த வட்டாரத்தில் அடையாளம் எப்படி வெளிப்படுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு வழக்கு இல்லை. 2000-இல் சிறப்பு நீதிமன்றம் 35 பேரைத் தண்டித்தது. 2005-இல் உயர்நீதிமன்றம் ஒருவரைத் தவிர அனைவரையும் விடுவித்தது. 2013-இல் உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2014-இல்தான் பெரும்பாலோரின் தண்டனை உறுதியானது. இத்தனை ஆண்டுகளிலும் பத்திரிகைகள் சட்டத்தை மதித்துப் பெயரை அச்சிடவில்லை. ஊரின் பெயரை அச்சிட்டன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர் அது, யார் என்று தெரிய வேறென்ன வேண்டும்? குடும்பம் ஊரை விட்டே போனது. பாலக்காட்டில் வாளையாரின் பெயரும் அப்படித்தான் ஒரு பாலியல் வன்முறை வழக்கின் மேல் ஒட்டிக்கொண்டது. பெயரை மட்டுமல்ல, அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் சொன்னபோது, சூரியநெல்லிக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

அமெரிக்கப் படைகளில் ஒரு தனிப் பாதை

மூன்றாவது கேள்வியை நிறுவன வடிவில் கேட்டவை அமெரிக்க ராணுவ அமைப்புகள். நல்லெண்ணத்தால் மட்டும் அல்ல, கடற்படை விமானிகளின் மாநாட்டில் நடந்த பாலியல் அத்துமீறலான 1991-இன் டெயில்ஹுக் அவமானம் முதல் அடுக்கடுக்காக வந்த முறைகேடுகளின் நெருக்கடியால். 2005-இல் அங்கே புகாருக்கு இரண்டு பாதைகள் திறந்தன. விசாரணையைத் தொடங்கிவைக்கும் வெளிப்படைப் புகார் ஒன்று. மேலதிகாரிக்குத் தெரியாமல், விசாரணை இல்லாமல், மருத்துவமும் ஆலோசனையும் மட்டும் பெறும் மறைவுப் புகார் மற்றொன்று. 2011-இல் படையினருக்கென்று பெயர் கேட்காத உதவி எண் வந்தது. 2014-இல், புகார் கொடுத்தவர்களிடம் மட்டும், கிடைத்த சேவைகளைப் பற்றிக் கருத்துக் கேட்கும் அநாமதேயக் கணக்கெடுப்பு நடந்தது. ஆலோசகர், மருத்துவர், வக்கீல், புலனாய்வாளர், மேலதிகாரி என்று ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டார்கள்.

அதன் குறையும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. புகார் கொடுக்காதவர்கள் அந்தக் கணக்கெடுப்புக்குள் வரவே மாட்டார்கள். அதே 2014-இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு, ஓராண்டில் சுமார் 20,300 படையினர் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக மதிப்பிட்டது. புகார் கொடுத்த பெண்களில் 62 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் பழிவாங்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஒரு கணக்கெடுப்பில் சேவையில் திருப்தி, மற்றொன்றில் சேவையைத் தேடியதற்குத் தண்டனை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை அந்த எண்கள் இல்லாமல் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இந்தியப் படைகளில் பெண்கள் பெருகிவருகிறார்கள். 2020-இல் நிரந்தரப் பணி உரிமை கிடைத்தது, அடுத்த ஆண்டு தேசியப் பாதுகாப்பு அகாதமியின் கதவு திறந்தது. அவர்களுக்கும் இப்படியொரு கணக்கெடுப்பும், ஆண்டுதோறும் வெளியாகும் அறிக்கையும் தேவைப்படுகின்றன.

வாக்குறுதி மீறப்பட்டால்

கேரளத்திலேயே, மிக அண்மையில், ரகசியமாகப் பேசவைக்கும் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. அதுவும் சீருடையைப் பற்றியதல்ல, திரைத்துறையைப் பற்றியது. 2017-இல் அமைந்த நீதிபதி ஹேமா குழு, ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியின் பேரில் பெண்களிடம் வாக்குமூலம் பெற்று 2019 இறுதியில் அறிக்கை தந்தது. நீதிபதியே அதை வெளியிட வேண்டாம் என்று அரசுக்கு எழுதினார். 2024 ஆகஸ்டில் பல பகுதிகள் நீக்கப்பட்டு அது வெளிவந்தது. மறுநாளே விடுபட்ட பெயர்களை ஊகிக்கும் ஆட்டம் தொடங்கிவிட்டது. பிறகு அந்த வாக்குமூலங்களையே குற்றத் தகவலாகக் கொண்டு விசாரிக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட, 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. சாட்சிகள் முன்வராததால் வழக்குகளை முடித்துக்கொண்டதாக அரசு அதே ஆண்டில் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது.

குற்றம் தெரிந்தும் விசாரிக்காமல் இருக்கலாமா என்ற நீதிமன்றத்தின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு நோக்கத்துக்காகச் சொன்னதை வேறொரு நோக்கத்துக்கு எடுத்துக்கொள்வோம் என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே சேவை பற்றிய கருத்துச் சேகரிப்பில் குற்றத்தைப் பற்றிய கேள்வியே இருக்கக் கூடாது. எப்போது, எங்கே, யார் என்பவை அந்தத் தாளில் இடம்பெறவே கூடாது. எழுதப்படாத விவரத்தை எந்த நீதிமன்றமும் கேட்டு வாங்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் விஷயத்தில் போக்சோ சட்டம் தகவல் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது என்பதால், இந்த வழி வயது வந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

லயத்தில் எப்படிக் கேட்பது

கேரளத்தில் சேவைகள் பெயரளவில் இல்லை, உண்மையாகவே இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பூமிகா மையங்கள், பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீ நடத்தும் ஸ்நேகிதா உதவி மையம், நிர்பயா இல்லங்கள், 181 என்ற மித்ரா உதவி எண், சகி ஒருங்கிணைந்த சேவை மையம். பல மாநிலங்கள் இன்னும் எட்டாத இடம் இது. ஆனால் இவை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரைச் சுற்றியே இருக்கின்றன. மூணாறிலிருந்து இடுக்கியின் தலைநகரான பைனாவுக்கு மலைப்பாதையில் சுமார் 60 கிலோமீட்டர். வட்டவடையிலிருந்தோ இடமலைக்குடியிலிருந்தோ புறப்படும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். எங்கே போனாய் என்ற கேள்வியும் வரும்.

தோட்டத்து லயத்தில் ஒரே சுவரைப் பகிர்ந்து குடும்பங்கள் வாழ்கின்றன. ஆஷா ஊழியர் பக்கத்து வீட்டுக்காரர். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் பத்து முதல் இருபது பெண்கள், எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இந்த நெருக்கம்தான் குடும்பஸ்ரீயின் பலம். ஆனால் பெயரில்லாமல் கருத்துக் கேட்கும் வேலைக்கு அதுவே பாதகம், எழுத்தைப் பார்த்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். பாலக்காட்டின் அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களிலும் இதே நிலைதான். குற்றம் செய்தவர் வனத்துறைக்காரராகவோ போலீஸ்காரராகவோ இருந்தால், அடுத்த நாளும் அதே சோதனைச் சாவடியைக் கடந்துதான் அவள் விறகுக்கும் வேலைக்கும் போக வேண்டும்.

எனவே கருத்துத் தாளைச் சேகரிப்பவர் அந்தப் பஞ்சாயத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. சிகிச்சையோ இழப்பீடோ முடிந்து சில மாதங்கள் கழித்தே கேட்க வேண்டும். பத்துக்குக் குறைவான எண்ணிக்கையை வெளியிடாமல் விடும் புள்ளியியல் வழக்கத்தை இங்கே இன்னும் கடுமையாகப் பின்பற்ற வேண்டும். ஊர், தோட்டம், தாலுகா எதையும் குறிக்காமல் இரு மாவட்டங்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாக வெளியிட்டால்தான் ஒருத்தி பலருக்குள் மறைய முடியும். எழுத்தறியாதவர்களுக்குக் குரல்பதிவு உதவாது, குரலும் அடையாளமே. படம் பார்த்துக் குறியிடும் தாள் போதும். வீட்டில் ஒரே போன், அதுவும் கணவர் கையில் என்ற நிலையில் இணையப் படிவத்தை நம்பிப் பயனில்லை. மருத்துவமனைப் பெண்கள் கழிப்பறைக்குள் ஒரு பூட்டிய பெட்டி வைப்பது அதைவிட மேல்.

மொழியும் உண்டு. தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் சித்தூரிலும் தமிழ் பேசும் பெண்ணிடம் மலையாளப் படிவத்தை நீட்டினால் அவளுக்குப் பதிலாக வேறொருவர் நிரப்ப வேண்டிவரும், ரகசியம் அங்கேயே போய்விடும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. பெயரில்லாமல் எழுதியவளுக்குப் பதில் அனுப்ப முகவரி கிடையாது. அவள் என்ன குறை சொன்னாள், அதற்கு மருத்துவமனையும் சட்டப்பணிகள் ஆணையமும் என்ன மாற்றம் செய்தன என்பதை இரு மாவட்டங்களின் எல்லாப் பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகைகளிலும், எல்லா அரசு மருத்துவமனைகளிலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டுவதே அந்தச் சட்டப்படி அவளுக்குச் சேர வேண்டிய பதில்.